கொழுந்து மலையில் கமரா பிடித்த கைகள்



2024 ஆம் ஆண்டு தை மாதக் கடைசியில் எங்கள் பெண்கள் குழுவில் இருந்து ஒன்பது பேர் வவுனியாவிலிருந்து மலையகத்துக்குப் போய் வந்தோம். மூன்று நாள் பயணம். பொகவந்தலாவைக்குக் கிட்ட ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் பெண்கள் சிலர் மாதம் ஒரு தடவை கூடிக் கமரா பழகுகிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தோம். அதைப் பார்த்து வரத்தான் புறப்பட்டோம்.

எங்கள் குழுவிலும் அப்படி ஒன்றைத் தொடங்கலாமே என்று நான்தான் யோசனை சொன்னேன். ஒருவரும் பெரிதாக வரவேற்கவில்லை. "கோழி வளர்ப்பு, தையல் எண்டால் கையில நாலு காசு வரும். படம் எடுத்து என்ன செய்யிறது, மிஸ்?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. தனியாகக் குடும்பத்தைச் சுமக்கிற பெண்ணுக்கு ஒரு மணித்தியாலமும் பெறுமதியானது.

எங்கள் குழுவில் வயதில் மூத்தவரைப் பெரியக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். அவர் சொன்ன பதில் வேறு.

"எனக்கேன் பிள்ளை கமரா? எடுக்க வேண்டிய முகம் என்னட்டை இல்லையே."

அவருடைய மகன் 2009 இல் காணாமற் போனவர். அப்போது அவருக்கு 21 வயது. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து வந்ததில் வீட்டு அல்பம், கலியாணப் படம், பிள்ளைகளின் சிறுவயதுப் படங்கள் எல்லாம் போய்விட்டன. மிஞ்சியது அடையாள அட்டைக்கு எடுத்த சிறிய படம் ஒன்று மட்டும். அதைப் பொலித்தீனில் சுற்றித் தன் கைப்பைக்குள் வைத்திருக்கிறார். எவரிடமும் கொடுக்க மாட்டார். பெரிதாக்கித் தருகிறோம் என்று பலர் கேட்டும் கொடுக்கவில்லை. "கொண்டு போய்த் துலைச்சுப் போட்டால்?" என்பார். அவருக்கு மேல் அதைப் பற்றி யார் பேச முடியும்?

ஆனாலும் அவர் எங்களோடு வந்தார். அதற்கு ஒரு காரணம் இருந்தது. பெரியக்கா பிறந்தது பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில்தான். 1977 ஆகஸ்ட் வன்செயலுக்குப் பிறகு மலையகக் குடும்பங்கள் பல வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் வந்து காடு வெட்டிக் குடியேறினவே, அவற்றில் ஒன்று இவருடையது. அப்போது அவருக்கு 13 வயது. பிறகு 46 வருடங்களாக அந்தப் பக்கம் போகவேயில்லை.

ஒப்பாரிக் கோச்சி

விடியற்காலை பஸ் ஏறிப் பேராதனையில் இறங்கிப் பதுளை ரயிலைப் பிடித்தோம். கம்பளை, நாவலப்பிட்டி தாண்டியதும் ரயில் மூச்சு வாங்கத் தொடங்கியது. வட்டவளைக்குப் பிறகு இரண்டு பக்கமும் தேயிலைதான். வன்னியின் வெயிலில் கிடந்த எங்களுக்கு அந்தப் பச்சை கண்ணைக் கூசச் செய்தது. எங்களில் ஐந்து பேர் மலை ரயிலில் ஏறியது அதுதான் முதல் தடவை. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, கையில் இருந்த போனால் படம் எடுத்துக்கொண்டே வந்தார்கள். எடுத்த படங்களில் பாதியில் ஜன்னல் கம்பிதான் இருந்தது என்பது வேறு கதை.

ஹட்டன் நிலையத்தில் இறங்கியதும் பெரியக்கா மேடையிலேயே நின்றுவிட்டார். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"இந்த இடத்திலதான் எங்கட பெரிய மாமா குடும்பத்தை ஏத்தி விட்டனாங்கள்" என்றார்.

1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவர்களாக்கியது. 1964 ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று தீர்மானித்தது. அண்ணன் இந்தியாவுக்கு, தம்பி இலங்கைக்கு என்று குடும்பங்கள் பிரிந்தன. தலைமன்னார்ப் படகுக்கு ஆட்களைக் கொண்டுபோன ரயிலுக்கு மக்கள் வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி. ஏறுகிறவர்களும் அழ, நிற்கிறவர்களும் அழ, அந்தச் சத்தத்தோடுதான் அது புறப்படுமாம்.

பெரிய மாமா புறப்படுவதற்கு முதல் வாரம் முழுக் குடும்பமும் ஹட்டன் ஸ்டூடியோ ஒன்றுக்குப் போய்ப் படம் எடுத்தார்கள் என்று பெரியக்கா சொன்னார். ஒரு படம் இந்தியாவுக்குப் போனது. மற்றது இவர்களோடு வவுனியாவுக்கு வந்து, பிறகு 2009 இல் எங்கோ மண்ணுக்குள் போனது.

தோட்டத்தில் பல வீடுகளில் இதே கதையைக் கேட்டேன். அந்தக் காலத்தில் ஸ்டூடியோவுக்குப் போவதென்றால் ஒன்று கடவுச்சீட்டுக்கு, இல்லாவிட்டால் பிரிவுக்கு. எங்கள் பக்கத்துப் பெண்களின் கதையும் இதற்குத் தூரமில்லை. எங்களுக்கும் படம் என்றால் அடையாள அட்டை, பதிவு, விசாரணை, காணாமற் போனோர் விண்ணப்பம் என்றுதானே பழக்கம்!

படத்துக்கு நின்றவர்கள்

ஹட்டனிலிருந்து டிக்கோயா, நோர்வூட் வழியாக பஸ் போகிறது. வளைந்து வளைந்து போகும் பாதையில் காசல்ரீ நீர்த்தேக்கம் தெரிகிறது. பள்ளத்தில் தண்ணீர், மேட்டில் தேயிலை, அதற்கு மேல் பனிமூட்டம். பருவகாலம் என்பதால் சிவனொளிபாதமலைக்குப் போகிறவர்களின் வாகனங்கள் வரிசையாக நின்றன. வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகளும் நிறைய.

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. தோட்டத்தில் வேலை இல்லை. பிள்ளைக் காம்பராவில்தான் கமராக் குழு கூடுகிறது. பதினான்கு பெண்கள். ஐந்து பேரிடம் போன் இருக்கிறது. ஒரு பழைய டிஜிட்டல் கமராவும் இருக்கிறது. மற்றவர்கள் மாறி மாறி வாங்கி எடுக்கிறார்கள்.

"வாங்கக்கா, ஒக்காருங்க. ஒங்க ஊரு வெயிலுக்கு இந்தக் குளிரு ஒத்துக்குமோ என்னமோ" என்று பிளேன்டீயும் ரொட்டியும் தந்தார்கள்.

இதை எப்படித் தொடங்கினீர்கள் என்று கேட்டோம். குழுத் தலைவி சிரித்துக்கொண்டே சொன்னார்: "மலையில நிக்கிறப்ப வேன நிப்பாட்டிட்டு எறங்கி வருவாங்க மிஸ். கூடையத் தூக்கிக்கிட்டு நில்லுங்க, சிரிங்க, கொழுந்தக் கையில புடிங்கம்பாங்க. எங்க ஆயா காலத்துல இருந்து நிக்கிறோம். எடுத்த படத்துல ஒன்னுகூட நாங்க பாத்ததில்ல."

அந்தப் பேச்சு என்னைப் பிடித்துக்கொண்டது. உண்மையில் இது அவருடைய ஆயா காலத்துக்கும் முந்திய கதை. 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்டார். கோப்பி நோயால் அழிந்த பிறகு மலை முழுவதும் தேயிலையானது. கொஞ்சக் காலத்திலேயே கொழுந்து பறிக்கும் பெண்ணின் படம் தபால் அட்டையில் ஏறிவிட்டது. 1890 இல் தொடங்கிய பிளாட்டே போன்ற கொழும்பு ஸ்டூடியோக்கள் அந்தத் தபால் அட்டைகளை விற்றன. தேயிலைப் பெட்டியிலும் விளம்பரத்திலும் அவள் சிரித்துக்கொண்டே நிற்கிறாள். உலகத்திலேயே அதிகமாகப் படம் பிடிக்கப்பட்ட தொழிலாளிப் பெண்களில் அவளும் ஒருத்தியாக இருப்பாள். அவளுடைய பெயர் மட்டும் எந்த அட்டையிலும் இல்லை.

கமராச் சங்கங்கள் இந்தப் பக்கத்துக்குப் புதியவை அல்ல. பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நகரங்களில் 1850களிலேயே புகைப்படச் சங்கங்கள் தொடங்கிவிட்டன. இலங்கையில் லயனல் வென்ட் முதலியோர் 1934 இல் இலங்கைப் புகைப்படச் சங்கத்தை அமைத்தார்கள். ஒருவர் எடுத்ததை மற்றவர் பார்த்து, பிழை சொல்லி, நல்லது சொல்லி, சேர்ந்து பழகுவதுதான் அவற்றின் வேலை. ஆனால் அன்றைக்குக் கமரா வசதியுள்ளவரின் பொருள். தோட்டத்துப் பெண் அதற்கு முன்னால் நிற்கலாம், பின்னால் நிற்க முடியாது. இன்றைக்குப் போன் வந்து அந்த இடத்தை மாற்றிவிட்டது.

இந்தக் குழுவுக்குப் பழக்குகிறவர் ஹட்டனில் ஒரு ஸ்டூடியோவில் இரண்டு வருடம் வேலை செய்துவிட்டுக் கலியாணமாகித் தோட்டத்துக்கு வந்த இளம் பெண். ஒவ்வொரு மாதமும் ஒரு சொல்லைக் கொடுக்கிறார். ஒரு மாதம் 'வாசல்', ஒரு மாதம் 'கை', ஒரு மாதம் 'தண்ணீர்'. ஆளுக்கு மூன்று படம் கொண்டுவர வேண்டும். படத்தைப் பார்க்கிறவர்கள் முதலில் அதில் என்ன தெரிகிறது என்று மட்டும் சொல்ல வேண்டும். நல்லது கெட்டது பிறகுதான்.

நாங்கள் போன அன்று 'கை' மாதம். கொழுந்துச் சாயம் ஏறி வெடித்த விரல்கள், ரொட்டி தட்டும் கை, பிள்ளையின் தலையில் பேன் பார்க்கும் கை. ஒரு படத்தில் ஒரு பெண்ணின் கை லயத்துக் கதவின் நாதாங்கியைப் பிடித்துக்கொண்டு இருந்தது. எல்லோரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. எடுத்தவரும் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு பக்கத்தில் இருந்தவர், "இது ராத்திரிக் கை" என்றார். குடித்துவிட்டு வரும் கணவனுக்குப் பயந்து கதவைப் பிடிக்கும் கை என்பது அங்கே இருந்த அத்தனை பேருக்கும் விளங்கியது. வாயால் சொல்ல முடியாத ஒன்றை அந்தப் பெண் எல்லோர் முன்னாலும் வைத்துவிட்டார். கூட்டம் முடிந்த பிறகு இரண்டு பேர் அவரோடு தனியாகப் போய்ப் பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன்.

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படிக்கும்போது சீனாவின் யுனான் மாகாணத்தைப் பற்றி வாசித்தது அப்போது நினைவுக்கு வந்தது. 1990களில் கரோலைன் வாங், மேரி ஆன் பரிஸ் என்ற இரு பெண்கள் அங்கே கிராமத்துப் பெண்களின் கையில் கமராவைக் கொடுத்து, தங்கள் நாளாந்த வாழ்க்கையைத் தாங்களே படம் பிடிக்கச் சொன்னார்கள். பிறகு அந்தப் படங்களை வைத்து அவர்களே கூடிப் பேசினார்கள், அதிகாரிகளுக்கும் காட்டினார்கள். 'புகைப்படக் குரல்' என்று பல நாடுகளில் இன்று பயன்படும் முறை அப்படித்தான் உருவானது. பரீட்சைக்காகப் பாடமாக்கிய விஷயம் அது. அந்தப் பிள்ளைக் காம்பராவில்தான் அது எனக்கு விளங்கியது.

இவர்களும் படத்தை வைத்து ஒரு காரியம் செய்திருக்கிறார்கள். லயத்துக்குப் பின்னால் திறந்து கிடந்த வடிகாலை மூன்று மாதம் வாரத்துக்கு ஒரு படமாக, ஒரே இடத்தில் நின்று எடுத்தார்கள். திகதி எழுதி, கடிதத்தோடு தோட்ட நிர்வாகத்துக்கும் பிரதேச சபைக்கும் கொடுத்தார்கள். முன்பு வாயால் சொன்னபோது "பார்ப்போம்" என்ற பதில்தான் கிடைத்ததாம். இந்த முறை வடிகாலுக்கு மூடி வந்தது. கூரைக்கும் அதேபோல் எழுதியிருக்கிறார்கள். அது இன்னும் வரவில்லை.

பொகவந்தலாவையில் ஒரு கல்லறை

பிற்பகல் எங்களை ஓரிடத்துக்குக் கூட்டிப் போனார்கள். பொகவந்தலாவையில் உள்ள பரிசுத்த மரியாள் ஆலயம். வெள்ளைக்காரத் துரைமார் காலத்து அங்கிலிக்கன் தேவாலயம். அதன் தோட்டத்தில் ஒரு கல்லறை. ஜூலியா மார்கிரட் கெமரன் என்ற பெண்ணும் அவருடைய கணவரும் அங்கே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள்.

இவர் யார்? 1815 இல் கல்கத்தாவில் பிறந்தவர். இங்கிலாந்தில் இருந்தபோது, 1863 ஆம் ஆண்டு கடைசியில் மகளும் மருமகனும் ஒரு கமராவைப் பரிசாகக் கொடுத்தார்கள். அப்போது அவருக்கு 48 வயது. பெரும்பாலும் தானாகவே பழகினார். கோழிக்கூட்டைக் கண்ணாடி வைத்த ஸ்டூடியோவாக்கி, நிலக்கரி வைக்கும் அறையை இருட்டறையாக்கிக்கொண்டார். அந்தக் காலத்தில் கண்ணாடித் தட்டில் மருந்து பூசி, ஈரம் காயும் முன் படம் எடுத்து, உடனேயே கழுவ வேண்டும். கையும் உடுப்பும் கறுத்துப் போகும். அடுத்த வருடமே, 1864 இல், லண்டன் புகைப்படச் சங்கத்தில் உறுப்பினரானார். அவருடைய படங்கள் தெளிவில்லை, துப்புரவில்லை என்று சங்கத்து ஆண்கள் பலர் குறை சொன்னார்கள். அவர் விடவில்லை. கண்காட்சிகளுக்குத் தொடர்ந்து படம் அனுப்பினார். உலகத்தின் முதன்மையான புகைப்படக் கலைஞர்களில் ஒருவராக இன்று அவரைச் சொல்கிறார்கள்.

அவருடைய குடும்பத்துக்கு இலங்கையில் கோப்பித் தோட்டங்கள் இருந்தன. 1875 இல் இங்கே வந்து குடியேறினார். 1879 தை 26 ஆம் திகதி டிக்கோயாப் பள்ளத்தாக்கின் கிளென்கேர்ன் தோட்டத்தில் காலமானார். இலங்கையில் அவர் எடுத்த படங்களில் முப்பதுகூட மிஞ்சவில்லை. களுத்துறையில் தன் வீட்டைச் சுற்றியிருந்த மக்களையும் தோட்டத் தொழிலாளரையும் அவர் எடுத்திருக்கிறார். இங்கிலாந்தில் எடுத்த பெரிய மனிதர்களின் பெயர்கள் எல்லாம் தெரியும். இங்கே எடுத்தவர்களின் பெயர்கள் பெரும்பாலும் பதியப்படவில்லை.

"அப்ப அவங்களும் எங்கள மாதிரிதான். பேரில்லாம நின்னுட்டாங்க" என்றார் குழுத் தலைவி.

அதனால் இந்தக் குழுவில் ஒரு விதி உண்டு. யாரைப் படம் எடுத்தாலும் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். எடுத்தால் பெயர், இடம், திகதி எழுத வேண்டும். எடுக்கப்பட்டவருக்கு ஒரு படம் கொடுக்க வேண்டும்.

பெரியக்கா அந்தக் கல்லறையைச் சுற்றி வந்து, "நாப்பத்தெட்டு வயசிலயா தொடங்கினவா?" என்று மட்டும் என்னிடம் கேட்டார்.

பெரியக்காவின் லயம்

மூன்றாம் நாள் காலையில் அவர் பிறந்த தோட்டத்துக்குப் போனோம். கமராக் குழுவில் மூன்று பேர் வேலைக்குப் போகாமல், ஒரு நாள் பேரை விட்டுவிட்டு எங்களோடு வந்தார்கள். அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது கூலி வேலை செய்யும் உங்களுக்குத் தெரியும்.

பாதை மாறியிருந்தது. ஸ்டோர் மூடிக் கிடந்தது. ஆனால் ஒரு மாடசாமி கோயிலைக் கண்டதும் பெரியக்காவின் கால்கள் தாமாகவே நடந்தன. எதிரில் வந்த வயதான அம்மாவிடம், "எங்க லயம் இந்தப் பக்கந்தானுங்களே ஆயா? ஆத்துக்கு மேல, பத்துக் காம்பரா லயம்" என்று கேட்டார். அவர் அப்படிப் பேசி நாங்கள் கேட்டதே இல்லை. இத்தனை வருடமும் வவுனியாத் தமிழுக்குள் அவர் மடித்து வைத்திருந்த பேச்சு அது.

லயம் நின்றது. கூரைத் தகரம் மட்டும் மாறியிருந்தது. நாலாவது காம்பராவில் இப்போது வேறு குடும்பம். அவர்கள் உள்ளே கூப்பிட்டார்கள். பெரியக்கா உள்ளே போகவில்லை. வாசல் படியில் கையை வைத்துக்கொண்டு நின்றார். பிறகு திரும்பி, "பிள்ளை, அந்த போனைத் தா" என்றார்.

அவர் எடுத்த முதல் படம் அந்தப் படிதான். சரிந்திருந்தது, ஓரத்தில் அவருடைய விரலும் விழுந்திருந்தது. அழிக்க விடவில்லை. இரண்டாவது படத்தை நிதானமாக எடுத்தார். "எங்கட அம்மா இதில இருந்துதான் வெத்திலை போடுறவ" என்றார்.

அன்று மாலை நாங்கள் புறப்பட ஆயத்தமாகும்போது, பெரியக்கா பழக்குகிற அந்த இளம் பெண்ணைக் கூப்பிட்டார். கைப்பையில் இருந்து பொலித்தீனை எடுத்தார்.

"தூரக் கொண்டு போகாமல், எனக்கு முன்னாலயே எடுப்பியா?"

"ஒங்க கண்ணு முன்னாலயே எடுக்கிறேன்மா. நீங்களே கையில வெச்சுக்கங்க" என்றார் அந்தப் பெண்.

ஜன்னலுக்குப் பக்கத்தில் கறுப்புத் துணி விரித்தார். மற்றப் பெண்கள் வெள்ளைத் தாளைப் பிடித்து வெளிச்சத்தைத் திருப்பினார்கள். மூன்று தடவை எடுத்தார். பழைய படத்தில் இருந்த கீறலும் மங்கலும் அப்படியே இருந்தன. ஆனால் போன் திரையில் அந்தப் பிள்ளையின் முகம் முதன்முதலாக ஒரு உள்ளங்கை அளவுக்குப் பெரிதாகத் தெரிந்தது. "புருவத்தில தழும்பு இருக்கு, பார்த்தியளே. சின்னனில மாமரத்தால விழுந்தவன்" என்றார் பெரியக்கா. பதினைந்து வருடமாக அந்தத் தழும்பு அந்தச் சிறிய படத்துக்குள் தெரியாமல் இருந்திருக்கிறது.

ஹட்டனில் பிரதி எடுத்துக் கொண்டுதான் பஸ் ஏறினோம்.

நமக்கு இதில் என்ன இருக்கிறது?

படம் ஆளைத் திருப்பித் தராது. இதை நான் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் வீதியோரத்தில் இருந்து போராடத் தொடங்கிய தாய்மார் தங்கள் பிள்ளைகளின் படங்களைத்தான் மடியில் வைத்திருந்தார்கள். ஆர்ஜென்டீனாவில் 1977 இல் பிளாசா டி மாயோ சதுக்கத்தில் கூடத் தொடங்கிய தாய்மாரும் அப்படிப் படங்களோடுதான் நின்றார்கள். பதில் சொல்ல வேண்டியவர்கள் வேறு. ஆனால் அந்த முகம் அழியாமல் இருக்க வேண்டும் என்றால் அதை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஊருக்குத் திரும்பிய அடுத்த மாதம் எங்கள் கமராக் குழுவைத் தொடங்கினோம். முதல் கூட்டத்துக்கு ஆறு பேர்தான் வந்தார்கள். இப்போது பதினொரு பேர். நாங்கள் கண்ட பலன்களைச் சொல்கிறேன்.

முதலாவது, வீட்டை விட்டு வெளியே வர ஒரு காரணம் கிடைக்கிறது. "வந்து உங்கட துக்கத்தைச் சொல்லுங்கோ" என்று கூப்பிட்டால் வராத பெண், "மூன்று படம் கொண்டு வாங்கோ" என்றால் வருகிறார். படத்தைக் காட்டும்போது கதையும் வருகிறது. சொல்ல விருப்பமில்லாதவர் படத்தை மட்டும் காட்டிவிட்டு இருக்கலாம்.

இரண்டாவது, சிறு வருமானம். பூப்புனித நீராட்டு, பிறந்தநாள், கோயில் திருவிழா ஆகியவற்றுக்கு எங்களில் இருவர் இப்போது படம் எடுக்கிறார்கள். பெண் பிள்ளைகளைப் பெண்ணே படம் எடுப்பதைத் தாய்மார் விரும்புகிறார்கள். பெரிய தொகை இல்லை. பிள்ளையின் வகுப்புக் கட்டணத்துக்குக் காணும்.

மூன்றாவது, சாட்சி. உடைந்த மதகு, தண்ணீர் வராத குழாய், யானை அழித்த தோட்டம் என்று திகதியோடு எடுத்து வைத்தால் விண்ணப்பத்துக்குப் பலம் சேரும். காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகம் ஆகியவற்றையும் படம் எடுத்து வையுங்கள். அடுத்த வெள்ளத்திலோ இடப்பெயர்விலோ மூலப்பிரதி போனாலும், இலக்கம் கையில் இருக்கும்.

நான்காவது, பழைய படங்களைக் காப்பாற்றுவது. அதற்கு ஸ்டூடியோ தேவையில்லை. போனின் கண்ணாடியை மெல்லிய துணியால் துடையுங்கள். படத்தை ஜன்னல் ஓரத்தில், நேர் வெயில் படாத இடத்தில், கறுப்புத் துணியில் தட்டையாக வையுங்கள். பிளாஷ் போட வேண்டாம். போனைப் படத்துக்கு நேர் மேலே, சரியாமல் பிடியுங்கள். முழங்கையை உடம்போடு ஒட்டி வைத்தால் கை நடுங்காது. கண்ணாடிச் சட்டத்தோடு ஒட்டிப்போன படத்தை ஒருபோதும் உரித்து எடுக்காதீர்கள், கிழிந்துவிடும். கண்ணாடியோடேயே எடுங்கள். எடுத்ததை மூன்று இடத்தில் வையுங்கள்: உங்கள் போனில், நம்பிக்கையான உறவினரிடம், அச்சிட்ட பிரதியாக வீட்டில். பிரதியின் பின்னால் பென்சிலால் பெயர், ஊர், வருடம் எழுதுங்கள்.

சிரமமும் உண்டு. "போனும் கையுமாத் திரியிறாள்" என்ற பேச்சு வந்தது. ஒரு பெண்ணின் தமையன் அவரை மறித்துவிட்டார். அவர் இன்னும் திரும்பி வரவில்லை. குழுவில் காட்டிய படத்தை ஒருவர் கேட்காமல் முகநூலில் போட்டு மனஸ்தாபம் வந்தது. அதன் பிறகு நாங்களும் மலையகப் பெண்களின் விதியை எழுதி வைத்துக் கையெழுத்திட்டோம். கேளாமல் எடுப்பதில்லை, கேளாமல் பகிர்வதில்லை. இராணுவ முகாம், சோதனைச் சாவடி போன்ற இடங்களை எடுப்பதில்லை. உங்கள் பாதுகாப்புக்கு இது முக்கியம்.

தொடங்குவதற்குப் பெரிய செலவில்லை. நாலு பெண்கள், ஒரு போன், மாதத்தில் ஒரு பின்னேரம் போதும். முன்பள்ளிக் கட்டிடமோ மாதர் சங்க அறையோ கேட்டால் தருவார்கள். முதல் மாதத்துக்கு 'வாசல்' என்று வையுங்கள். வாசல் இல்லாத வீடு இல்லை. வீடு இழந்தவர்களுக்கும் நினைவில் ஒரு வாசல் இருக்கும்.

பெரியக்கா இப்போது எங்கள் குழுவில் ஒரு வேலையைத் தானே எடுத்துக்கொண்டிருக்கிறார். பின்னேரங்களில் கறுப்புத் துணி ஒன்றை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, எங்கள் கிராமத்திலும் பக்கத்துக் கிராமத்திலும் வீடு வீடாகப் போகிறார். ஒரு இளம் பெண் போனோடு கூடப் போகிறார். படத்தை வெளியே எடுக்கத் தயங்குகிற தாய்மாரிடம் அவர் சொல்வது ஒன்றுதான்.

"நான் கொண்டு போகமாட்டன் தங்கச்சி. நீ கையில வைச்சிரு, உனக்கு முன்னாலயே எடுக்கிறம்."